நோன்பு வெள்ளியில் வைத்த மீன்குழம்பு

என்றும் என் அன்புக்குரிய ஹனீபா நானா,

நீங்கள் இருக்கும் இடத்தில் அடுப்புப் புகை இல்லையென்று நம்புகிறேன். இருந்தால் நீங்கள் சும்மா இருக்க மாட்டீர்கள். விறகை வெளியே இழு, சட்டியை இந்தப் பக்கம் தள்ளு என்று அங்கேயும் யாரையாவது வேலை வாங்கிக்கொண்டு நிற்பீர்கள்.

முதலில் புதினங்களைச் சொல்லிவிடுகிறேன். சனசமூக நிலையத்து மண்டபம் போன மாரிக்கும் ஒழுகியது. தலைவர் இந்த வருடமும் தகரம் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார், போன வருடம் சொன்ன அதே முகத்தோடு. எங்கள் சமையல் வகுப்பில் இப்போது பதினான்கு பிள்ளைகள். அதில் ஐந்து பேர் பெண் பிள்ளைகள், நானா! சல்லியிலிருந்து வரும் ஒருத்தியின் தகப்பன் முதல் நாள் வாசலில் நின்று, "பொம்பிளைப் பிள்ளை ஹோட்டல் குசினியில என்னத்தைச் செய்யிறது டீச்சர்?" என்று கேட்டார். இப்போது அவரே வள்ளத்தால் இறங்கி நேரே வந்து, வகுப்புக்கென்று நல்ல பாரைமீனாகத் தெரிந்தெடுத்துத் தந்துவிட்டுப் போகிறார். உங்கள் வீட்டில் சுபைதா மச்சாள் சுகமாக இருக்கிறார். முழங்கால் நோவு மட்டும் அவரை விடுகிறதாயில்லை.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. புதினம் சொல்ல மட்டும் நான் இதை எழுதவில்லை. நீங்கள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்லவே எழுதுகிறேன். அது உங்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தவரிடம் போய்ச் சொல்வது எதற்கு என்று கேட்பீர்கள். மற்றவர்களுக்குத் தெரியாதே! அதனால்தான் இதை ஊர் வாசிக்கட்டும் என்று பகிரங்கமாக எழுதுகிறேன். ஒளித்து வைத்திருந்த ஒன்றை ஒளித்தே சொல்வதில் என்ன நியாயம்?

வாசிக்கிறவர்களுக்காக நாங்கள் யாரென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நானா என்று, அண்ணன் முறையில், நான் கூப்பிடும் நீங்கள் வெள்ளைக்காரனின் கடற்படைக் குசினியில் சமைத்தவர். அவர்கள் திருகோணமலையை விட்டுக் கப்பலேறியபோது வேலை போய், துறைமுகத்தடியில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டவர். நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கொப்பியைத் திறக்காமல் எனக்குச் சோறு கூட வடிக்கத் தெரியாது என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். பாதி உண்மைதான்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரையோரம் ஹோட்டல்கள் எழும்பிய காலம் அது. கட்டுகிற வேலைக்கு எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். கட்டி முடித்ததும் சமையற்காரர்கள் கொழும்பிலிருந்து பஸ்சில் வந்து இறங்கினார்கள். ஒருநாள் உங்கள் கடை வாசலில் என்னை மறித்துக் கேட்டீர்கள்.

"எங்கட புள்ளைகள் கல்லுச் சுமக்க மட்டும்தானா டீச்சர்? அந்தக் குசினிக்குள்ள போய் நிக்க ஏலாதா?"

அந்தக் கேள்வியோடுதான் வகுப்புத் தொடங்கியது. மண்டபத்தின் பின்பக்கம் மூன்று அடுப்பு, உங்கள் கடையிலிருந்து கொண்டுவந்த கிடாரம் ஒன்று, பாடசாலை கழித்துவிட்ட இரண்டு மேசை. பிள்ளைகள் பாதிப்பேர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள், பாதிப்பேர் சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்துச் சைவப் பிள்ளைகள். முதல் மாதம் நாம் இருவரும் சமைத்ததைவிடச் சண்டை பிடித்ததுதான் கூட.

"தேக்கரண்டியில ஒண்டரை எண்டா ஒண்டரைதான் நானா. ஹோட்டல்காரன் உங்கட கையை அளந்து பாத்துக்கொண்டிருக்க மாட்டான்."

"கை என்ட கை டீச்சர். அது எனக்குப் பொய் சொல்லாது. கரண்டி ஆர் செஞ்சதோ, எந்த ஊர்க் கரண்டியோ!"

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கடையில் உங்கள் கை, வகுப்பில் என் கரண்டி. பிள்ளைகள் கரண்டியால் அளந்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அதைக் காணாததுபோல் இருந்துவிடுவேன்.

ருசி பார்ப்பதில் எங்கள் வகுப்புக்கென்று ஒரு பழக்கம் தானாக வந்து சேர்ந்ததே, நினைவிருக்கிறதா? வெள்ளிக்கிழமைகளில் சைவப் பிள்ளைகள் மச்சம் தொட மாட்டார்கள். மீனோ இறைச்சியோ அவர்கள் சமைத்தால், முஸ்லிம் பிள்ளை ஒன்று வந்து ருசி பார்த்துச் சொல்லும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் பகலில் வாயில் தண்ணீரும் படவிடமாட்டார்கள். அப்போது சைவப் பிள்ளைகள் போய் அவர்களுடைய சட்டிக்கு ருசி பார்ப்பார்கள். பிள்ளைகள் இதற்கு நாக்குக் கைமாற்று என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்ணியா மஹ்ரூப் தன் சட்டியடியில் நின்று, "எப்பிடி? எப்பிடி?" என்று கேட்பான். ருசி பார்த்த பிள்ளை யோசித்து, "புளி கொஞ்சம்..." என்று இழுக்கும். "கூடவா, குறையவா? அதச் சொல்லு முதல்ல!" என்று அவன் தலையில் கைவைப்பான். மீன் சமைப்பதில் அவனைப்போல் ஒரு கை பிறகு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த பக்கத்தில் ஒரு நாக்கு எப்போதும் இருந்ததால் எங்களுக்குப் பயமில்லாமல் போய்விட்டது. பிழை அங்கேதான் தொடங்கியது.

நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் மனேஜர் கடிதம் போட்டார். வந்து சாப்பிட்டுப் பார்ப்பேன், பிடித்தால் ஆறு பேரை எடுப்பேன் என்று. மூன்று முஸ்லிம் பிள்ளைகள், மூன்று சைவப் பிள்ளைகள் என்று நாம் ஆறு பேரைத் தெரிந்தெடுத்தோம். கடிதத்தில் வெள்ளிக்கிழமை என்றிருந்ததை நான்தான் உரத்து வாசித்தேன். நோன்பு மாதம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவள் எனக்கும்தான்.

அன்று காலை மஹ்ரூப்பின் மீன்குழம்பு கொதி வந்தது. நீங்கள் அதை ஆணம் என்பீர்கள். அவன் வழக்கம்போலக் கூப்பிட்டான்.

"ருசி பாக்க ஆர் வாறது?"

ஒருவரும் அசையவில்லை. சைவப் பிள்ளைகள் முஸ்லிம் பிள்ளைகளைப் பார்த்தார்கள். முஸ்லிம் பிள்ளைகள் சைவப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்து முடிந்த பிறகுதான் மனேஜர் வரும் நேரம் நினைவுக்கு வந்தது.

"சமைக்கிறவன் நாக்கு நுனியில வச்சிட்டுத் துப்பலாம் எண்டு ஆலிம்மார் சொல்லுவாங்க," என்றீர்கள். "ஆனா என்ட மனம் கேக்குதில்ல தங்கச்சி. புள்ளைகளுக்கும் நான் சொல்ல மாட்டன்."

சொல்லிவிட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். நான் வெள்ளிக்கிழமையில் மச்சம் தொட்டு முப்பது வருடமாகியிருந்தது. என் மகன் காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது அம்மனுக்கு வைத்த நேர்த்தி அது. உங்களுக்கு அது தெரியும். அந்தப் பார்வையில் என்னிடம் கேட்க நினைத்துத்தான் கேட்காமல் விட்டீர்களா, நானா?

அதற்குப் பதிலாக, "சந்தியில தையல்கடை அந்தோனி நிக்கிறான், கூப்பிடுவமா?" என்றீர்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவ்வளவு நாள் படிப்பிச்சுப்போட்டு, கடைசியில ஒரு தையற்காரன்ட நாக்கை நம்பி நிக்கிறதே? அளவு இருக்கு, அளவின்படி போடுவம்," என்றேன்.

பிறகு நடந்ததை நான் எத்தனையோ தரம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மஹ்ரூப் தேங்காய் திருவப் போன நேரம், நீங்கள் கடையிலிருந்து கொண்டுவந்த போத்தலை எடுத்து அளவாக ஊற்றியிருக்கிறீர்கள். கல்லுப்பைக் கரைத்து, மண்ணைத் தெளிய விட்டு எடுத்த உப்புத் தண்ணீர் அது. ருசி பார்க்க ஏலாத நாளில் உங்கள் கைக்குப் பழகியதை நம்பினீர்கள். நான் மற்றப் பக்கம் கத்தரிக்காயோடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டீர்கள்.

நான் உப்புச் சாடியைத் திறந்து பார்த்தேன். காலையில் நான் நிரப்பி வைத்த மட்டத்திலேயே இருந்தது. நானா மறந்துபோனார் என்று முடிவு கட்டினேன். கொப்பியில் உள்ள அளவை, தலை தட்டி, சரியாக அளந்து போட்டேன். கிளறிவிட்டேன். இவ்வளவு உறுதியோடு நான் ஒரு பிழையும் செய்ததில்லை.

நீங்கள் தொழுதுவிட்டு வந்து சேர, மனேஜரும் வந்தார். கத்தரிக்காயைச் சாப்பிட்டுத் தலையாட்டினார். பருப்பு நன்றாயிருக்கிறது என்றார். மீன்குழம்பில் ஒரு வாய் வைத்தார், பீங்கானைத் தள்ளிவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"கடலில இருந்து மீனை மட்டும் எடுத்தீங்களா, கடலையும் சேர்த்தே எடுத்தீங்களா?" என்றார். "யார் உப்புப் போட்டது?"

"நான்தான் ஐயா," என்றீர்கள் நீங்கள்.

நான் உங்கள் பக்கத்தில் நின்றேன். ஒரு முழம் தூரமும் இல்லை. நீங்கள் சொன்னது பொய்யில்லை, நீங்களும் போட்டீர்கள்தான். ஆனால் அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தேன். நானும் போட்டேன் என்று சொல்ல வேண்டியதுதான். வரவில்லை. இருபத்தேழு வருடம் மனையியல் படிப்பித்தவள், பிள்ளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று ஒரு வெட்கம். வெறும் வெட்கம்தான், நானா. வேறொரு நியாயமும் என்னிடம் இல்லை.

அதற்குள் மனேஜர் சொல்லிவிட்டார். "நோன்போடு சமைச்சா நாக்கு வேலை செய்யாது. வருஷத்தில ஒரு மாசம் என்ட குசினி இப்படிக் கிடக்க ஏலாது. மற்ற மூண்டு பேரையும் எடுக்கிறன்."

அப்போதும் எனக்கு நேரமிருந்தது. அவர் காரில் ஏறும்வரை இருந்தது. நான் பீங்கான்களை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இட்ட உப்பின்மேல் உப்பிட்டுவிட்டு ஊமையாய் நின்றவளை எப்படி நினைப்பது?

எடுபட்ட மூன்று பேரும் போகமாட்டோம் என்று அழுதார்கள். நீங்கள்தான் அதட்டினீர்கள். "திறந்த கதவால முதல்ல உள்ள போங்க. உள்ளுக்கு நிண்டாத்தான் மத்தவனுக்கும் திறந்துவிடலாம்." மற்ற மூவரில் இரண்டு பேருக்கு எப்படியோ வேறு இடம் பிடித்துக் கொடுத்தீர்கள். மஹ்ரூப் மட்டும் வரவில்லை. தம்பலகாமத்தில் மாமாவின் வயலுக்கு உழவு மெஷின் ஓட்டப் போய்விட்டான் என்றார்கள்.

மறுநாள் அந்தப் போத்தலைக் கொண்டுவந்து உப்புச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தீர்கள்.

"இதுவும் உப்புத்தான் டீச்சர்," என்றீர்கள்.

"ஓம்," என்றேன்.

அதைப்பற்றி நமக்குள் நடந்த கதை அவ்வளவுதான். அன்றிலிருந்து வகுப்பில் புதுச் சட்டம் ஒன்று வந்தது. யார் உப்புப் போட்டாலும், "உப்பு விழுந்திட்டுது!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர்கள், "கேட்டிட்டுது!" என்று சொல்ல வேண்டும். இன்றைக்கும் பிள்ளைகள் அப்படித்தான் கத்துகிறார்கள். ஏனென்று அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தரம் கேட்கும்போதும் எனக்குச் சுள்ளென்று தைக்கும். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதை நீங்கள் எனக்குச் சொன்ன விதம் அது. நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தீர்கள். நான் இன்று, நாளை என்று ஒரு வருடத்தைக் கடத்தினேன்.

உங்களுக்கு நெஞ்சுநோ என்று சொல்லி அனுப்பினார்கள். துறையில் படகுக்கு நின்று, கிண்ணியாவில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பெண்களோடு உள்ளே இருந்தேன். சுபைதா மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரப் பத்தி ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்ல அவர்," என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்காகவும்தான் அழுதேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன். அந்த ஹோட்டலுக்குப் புது மனேஜர் வந்திருக்கிறார். அன்று போன மூவரில் ஒருத்தன் இன்று அங்கே பெரிய சமையற்காரருக்கு அடுத்த ஆள். அவன்தான் எங்களைப்பற்றி எடுத்துச் சொல்லியிருக்கிறான். இன்னும் ஆட்கள் வேண்டும், வந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமையாம். இந்த முறை நான் கலண்டரைப் பார்த்தேன். நோன்பு மாதம்.

திகதியை மாற்றச் சொல்லலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நானும் எழுதப் பேனையை எடுத்தேன். இந்த வெள்ளியை மாற்றலாம். ஹோட்டலுக்குள் போன பிறகு வருகிற வெள்ளிகளை யார் மாற்றிக் கொடுப்பது? பேனையை வைத்துவிட்டுத் தம்பலகாமத்துக்கு பஸ் ஏறினேன்.

மஹ்ரூப் மெஷினுக்கு அடியில் கிடந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, எண்ணெய்க் கையோடு நின்றான். கதிரை எடுத்துவரத் திரும்பினான். வேண்டாம், முதலில் கேள் என்று, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சாடியை, கரண்டியை, வாயைத் திறந்து மூடியதை.

அவன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மூணு வருஷமா நோன்பு வந்தா நான் அடுப்படிக்குப் போறேல்ல டீச்சர். உம்மா கஞ்சியக் கொஞ்சம் பாத்துக்க மகன் எண்டாலும் போறேல்ல. என்ட நோன்புதான் நானாவத் தலைகுனிய வச்சது எண்டு நினைச்சிட்டிருந்தன்."

நானா, ஒரு வேலையைத்தான் அவனிடமிருந்து பறித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பேசாமல் நின்றதில் அந்தப் பிள்ளை தன் நோன்பையே குறையாக எண்ணி இருந்திருக்கிறான். அவன் காலில் விழுந்திருப்பேன். வயதைப் பார்த்து அவன் பதறிவிடுவான் என்று நின்றேன்.

"பிழையை என்னில போடு அப்பு. உன்ட நோன்பில ஒரு குறையும் இல்லை," என்றேன். அவன் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான். போகச் சொல்கிறான் என்று நினைத்துத் திரும்பினேன்.

"இந்த முறை எப்ப?" என்றான்.

"வெள்ளி."

"நோன்பிலயா? அப்ப மீனை ஆர் ருசி பாக்கிறது?"

கோபத்தோடு நின்றவனின் வாயில் வந்த கேள்வியைப் பாருங்கள். அவன் இன்னும் சமையற்காரன்தான், நானா.

"நான்," என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

"உங்கட நேர்த்தி?"

"அது அம்மனுக்கும் எனக்கும் உள்ள கதை. நான் பேசிக்கொள்ளுறன்."

அவன் முதல் தரமாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல மாட்டன் டீச்சர். ஆனா வெள்ளி காலையில வாறன். மீன நான்தான் வெட்டுவன்."

வந்த கையோடு பதினான்கு பிள்ளைகளையும் இருத்தி, நடந்ததைச் சொன்னேன். சல்லிப் பிள்ளை மட்டும், "அதுக்காகவே நாங்கள் உப்பு விழுந்திட்டுது எண்டு கத்துறது?" என்று கேட்டாள். ஓம் என்றேன். நேற்றுப் பின்னேரம் கோவிலுக்கும் போனேன். என் மகனுக்கு இப்போது நரை விழுந்துவிட்டது, போதும் தாயே, இனி மற்றவர்களின் பிள்ளைகளையும் பார்க்க விடு என்று கேட்டேன். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. நான் உங்களுக்குத் தருகிற வாக்கு இது. குழம்பு கொதித்ததும் மஹ்ரூப் கூப்பிடுவான். நான் போவேன். உள்ளங்கையில் ஊற்றி, நாக்கில் வைத்து, உப்புக் கூடவா குறையவா என்று சுத்தமாகச் சொல்வேன். நாளைக்கு மட்டுமல்ல, எனக்கு நடக்க ஏலும்வரை எல்லா நோன்பு வெள்ளிக்கும். நான் ருசி பார்த்த பிறகும் குழம்பு பிழைத்துப்போனால், பிழை என்னுடையது என்று மனேஜருக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சொல்வேன். ஒரு பிள்ளையையும் அதன் நோன்பைக் காட்டியோ விரதத்தைக் காட்டியோ இனித் தள்ளிவிட விடமாட்டேன்.

அன்றைக்கு ஒரு கணம் என்னைப் பார்த்தீர்களே, நானா. நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. நான் வருகிறேன்.

உங்கள் கூடப் பிறவாத தங்கச்சி,
பாக்கியம்